எட்டு வன்தட்டுகளுக்கு எந்தக் கார்ட்? மட்டக்களப்புச் சூழலில் ஓர் ஒப்பீடு

கல்லடியில் கூத்து ஆவணப்படுத்தலில் ஈடுபட்டிருக்கும் ஒரு சிறு குழுவினர், வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் களரி ஒளிப்பதிவுகளையும் அண்ணாவிமாரின் நேர்காணல்களையும் பல காலமாக யூ.எஸ்.பி. தட்டுகளில் சிதறலாக வைத்திருந்தார்கள். இப்போது அனைத்தையும் ஒரே சேர்வரில் சேர்க்கத் தீர்மானித்திருக்கிறார்கள். பாவித்த டவர் கணினி ஒன்றும், ஒவ்வொன்றும் 8 டெராபைட் கொண்ட எட்டு சாட்டா (கணினிக்குள் வன்தட்டை இணைக்கும் வழமையான முறை) வன்தட்டுகளும் கைக்கு வந்துவிட்டன. அந்த எட்டையும் எந்தக் கொன்ட்ரோலர் கார்ட் வழியாக இணைப்பது என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி. அவர்களுக்கு நான் சொன்ன ஆலோசனையை இங்கே விரித்து எழுதுகிறேன். கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கும் அக்கரைப்பற்றில் கணக்கு அலுவலகம் நடத்துபவருக்கும் இதே கேள்வி இன்றோ நாளையோ வரத்தான் போகிறது.

“தாய்ப்பலகையிலயே ஆறு சாட்டா இருக்கு அண்ணன், மறுகா என்னத்துக்குக் கார்ட்?” என்று குழுவிலுள்ள தம்பி ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான்கு வன்தட்டுகளோடு நிற்பதாக இருந்தால் கார்ட் எதுவுமே வேண்டாம் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். தாய்ப்பலகையின் சிப்செட்டோடு வரும் சாட்டா போர்ட்டுகள் தனி மென்பொருள் கேட்பதில்லை, அதிகம் சூடாவதில்லை, லினக்ஸிலும் விண்டோஸிலும் பிரச்சினையின்றி இயங்குகின்றன. ஆனால் இங்கே ஒரு போர்ட் இயங்குதளத்துக்கான எஸ்.எஸ்.டி.க்குப் போய்விடுகிறது. அத்துடன் பல தாய்ப்பலகைகளில் மெல்லிய எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 துளையில் எதையாவது செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே செயலிழந்துவிடும். இது கையேட்டின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும், வாங்குமுன் யாரும் படிப்பதில்லை. எப்படிக் கணக்குப் பார்த்தாலும் எட்டு வன்தட்டுகளுக்கு இடம் போதாது.

இத்தகைய ஒப்பீடுகளில் முதலில் வேகத்தைப் பற்றித்தான் பேசுவது வழக்கம். இந்தக் கட்டடத்தில் இருப்பது ஒரு கிகாபிட் வலையமைப்பு. அதன் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 110 மெகாபைட்தான் போகும். ஒரேயொரு வன்தட்டே அதைவிட வேகமானது. ஆகவே அன்றாடப் பாவனையில் மோசமான கார்ட்டுக்கும் சிறந்த கார்ட்டுக்கும் இடையில் யாராலும் வேறுபாடு காண முடியாது. ஒன்றிரண்டு வன்தட்டுகள் போனாலும் தரவு தப்பும்படி பல தட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பதே ரெய்ட்; பழுதான வன்தட்டுக்குப் பதிலாகப் புதியதைப் போட்டு அந்த ரெய்ட் தொகுதியை மீளக் கட்டும்போதும், எல்லாத் தரவையும் காலத்துக்குக் காலம் வாசித்துச் சரிபார்க்கும்போதும் மட்டுமே கார்ட்டின் வேகம் வெளியில் தெரியும்.

எனவே நான் வேறு அளவுகோல்களை எடுத்துக்கொண்டேன். கார்ட் செத்துப்போனால் வன்தட்டுகளில் இருப்பதை எப்படி வாசிப்பது? எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் கல்லடியின் உப்புக் காற்றையும் கச்சான் வீசும் மாதங்களின் வெக்கையையும் கார்ட் தாங்குமா? இவற்றில் முதலாவதைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளிலும் சேர்வர் கார்ட்கள் எப்போதும் இருப்பில் இருப்பதில்லை, பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பாவித்த பொருளாகத் தருவிக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். அந்த வாரங்களில் ஆவணங்கள் யாருக்கும் எட்டாத நிலையில் கிடக்குமா, கிடக்காதா என்பதைத்தான் கார்ட் வாங்கும் நாளில் தீர்மானிக்கிறோம்.

மலிவான சாட்டா விரிவாக்கக் கார்ட்களிலிருந்து தொடங்கலாம். இவற்றில் உண்மையிலேயே நல்லவையும் உண்டு. ஏ.எஸ்.எம். 1166 சிப் கொண்ட ஆறு போர்ட் கார்டும் ஜே.எம்.பி. 585 சிப் கொண்ட ஐந்து போர்ட் கார்டும் தாய்ப்பலகையில் கார்ட் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துளையின் 3.0 பதிப்பில் இரண்டு லேன்களை, அதாவது தரவு ஓடும் இரண்டு பாதைகளை, பயன்படுத்துகின்றன. அவற்றில் நொடிக்கு ஏறத்தாழ 1,970 மெகாபைட் போகும். ஆறு வன்தட்டுகளும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடினாலும் 1,500 அளவில்தான் கேட்கும். மின்சாரச் செலவு குறைவு, வெப்பமும் குறைவு. தாய்ப்பலகையில் நான்கு, கார்ட்டில் நான்கு என்று பிரித்துக்கொண்டால் எட்டு வன்தட்டுகளும் சேர்ந்துவிடும். பணம் மிகவும் நெருக்கடியாக இருந்தால் இதையே செய்யுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

இதே தோற்றத்தில், இதைவிடப் பெரிய எண்ணிக்கையைக் காட்டி விற்கப்படும் கார்ட்களைப் பற்றித்தான் கவலை. பத்துப் போர்ட், பதினாறு போர்ட் என்று சொல்லி ஒரேயொரு லேன் துளையில் செருகக் கொடுப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே நான்கு போர்ட் சிப் ஒன்றும், அதன் பின்னால் ஒரு போர்ட்டை ஐந்தாகப் பிரிக்கும் பெருக்கிச் சிப்களும் இருக்கும். ஒரு வன்தட்டு பதில் சொல்லத் தாமதித்தால், அதே பெருக்கியில் இருக்கும் மற்ற வன்தட்டுகளின் இணைப்பும் சேர்ந்து அறுந்து மீளத் தொடங்கக்கூடும்; ஒரு தட்டின் சிறு கோளாறை ரெய்ட் மென்பொருள் மூன்று நான்கு தட்டுகளின் இழப்பாகப் பதிவுசெய்யும். இதுபோலவே பழைய மார்வெல் 9215 சிப் கார்ட் நான்கு போர்ட்களையும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 இன் ஒரு லேனில் அடைக்கிறது. நொடிக்கு 500 மெகாபைட்டை நான்காகப் பிரித்தால் தட்டு ஒன்றுக்கு 125. 8 டெராபைட் தட்டு ஒன்றை மீளக் கட்ட, சராசரி 180 மெகாபைட் வேகத்தில் ஏறக்குறைய 12 மணித்தியாலம் ஆகுமென்றால், 125 இல் 18 மணித்தியாலத்துக்குக் கிட்ட ஆகும். அந்த ஆறு மணித்தியாலமும் தொகுதி பாதுகாப்புக் குறைந்த நிலையில்தான் நிற்கிறது, மாரி காலத்தில் மின்தடைக்குக் கூடுதலாக ஆறு மணித்தியால வாய்ப்பும் கிடைக்கிறது.

அடுத்தது, ரெய்ட் வேலையைத் தானே செய்யும் கார்ட். டெல் பேர்க் எச்710, எச்730, எச்.பி. ஸ்மார்ட் அரே பி420, எல்.எஸ்.ஐ. மெகாரெய்ட் 9361 ஆகியவை இந்த வகை. இவற்றில் தனியான செயலியும் 512 மெகாபைட் முதல் 2 கிகாபைட் வரையிலான இடைநினைவகமும் உண்டு. சேர்வர் எழுதச் சொன்னதை இடைநினைவகத்தில் வாங்கிக்கொண்டு “எழுதியாயிற்று” என்று உடனே பதில் சொல்லிவிட்டு, பிறகு ஆறுதலாகத் தட்டுகளில் எழுதும். அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால் தரவைக் காப்பாற்ற ஒரு பற்றரியோ, மின்தேக்கியும் ஃபிளாஷ் நினைவகமும் சேர்ந்த அமைப்போ வேண்டும். இந்த ஏற்பாடு நல்ல நிலையில் இருக்கும்வரை இது மிகச் சிறந்த பொறியியல். சிறு சிறு எழுத்துகள் நிறைந்த தரவுத்தளங்களுக்கு இதன் பயன் கண்கூடு.

ஆனால் பாவித்த கார்ட்டாக நம் கைக்கு வருவது பெரும்பாலும் பற்றரி தேய்ந்துபோன கார்ட். பற்றரி பழுதானால் கார்ட் இடைநினைவகத்தைக் கைவிட்டு நேரடியாக எழுதத் தொடங்கும். கூடுதலாகக் காசு கொடுத்ததன் காரணமே அத்தோடு போய்விடும். சிலர் அமைப்பை வலிந்து மாற்றி, பற்றரி இல்லாமலே இடைநினைவகத்தைப் பாவிக்கிறார்கள். மின்தடை வழக்கமான இடத்தில் இதைப்போல ஆபத்தான செயல் வேறில்லை. மாற்றுப் பற்றரியைத் தருவிப்பதும் எளிதன்று, லித்தியம் பற்றரிகளை விமான அஞ்சலில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வெப்பமும் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும், நம் ஊரின் வெப்பம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதைவிடப் பெரிய தடை, தரவு கார்ட்டோடு கட்டுண்டு போவது. தொகுதி எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பைக் கார்ட் தன் முறையில் தட்டுகளில் எழுதி வைக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கார்ட் கிடைத்தால் அது அக்குறிப்பைப் படித்து ஏற்றுக்கொள்ளும், அதை மறுக்கவில்லை. ஆனால் எச்.பி. கார்ட்டில் உருவாக்கிய தொகுதியை எல்.எஸ்.ஐ. குடும்பக் கார்ட் அறியாது. தாய்ப்பலகையின் சாதாரணப் போர்ட்டில் செருகினால் வெறும் எட்டுத் தட்டுகளே தெரியும். அலுமாரியின் ஒரே திறப்பை எங்கோ தொலைவில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. கல்லடி 2004 ஆழிப்பேரலையைக் கண்ட இடம். வெள்ளமும் ஆண்டுதோறும் எட்டிப் பார்க்கும் இடம். அவசரத்தில் வன்தட்டுகளை மட்டும் கழற்றிக்கொண்டு செங்கலடிக்கோ அம்பாறைக்கோ போய், அங்கே கிடைக்கிற கணினியில் செருகி வாசிக்க முடியவேண்டும் என்பதை நான் மிகையான எதிர்பார்ப்பாக நினைக்கவில்லை.

அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது மூன்றாவது வகை. எச்.பி.ஏ. என்று அழைக்கப்படும் இந்தக் கார்ட் ரெய்ட் எதையும் செய்வதில்லை. ஒவ்வொரு வன்தட்டையும் உள்ளபடியே இயங்குதளத்துக்குக் காட்டிவிட்டு விலகி நிற்கிறது. ரெய்ட் வேலையை லினக்ஸின் எம்டி மென்பொருளோ இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையோ பார்த்துக்கொள்ளும். எட்டுத் தட்டுகளில் எந்த இரண்டு போனாலும் தாங்கும்படி அமைத்தால் 48 டெராபைட் இடம் கிடைக்கும். இசட்.எஃப்.எஸ். பழைய தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுவதால், ரெய்ட் 5, 6 தொகுதிகளில் மின்சாரம் நடுவில் நின்றால் தரவும், இழந்த தரவை மீட்க உதவும் சமன்தரவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும் சிக்கல் அங்கே எழுவதில்லை. யூ.எஸ்.பி. கம்பி வழியாகச் சேர்வரை ஒழுங்காக அணைக்கச் சொல்லும் யூ.பி.எஸ். ஒன்று எப்படியும் வேண்டும். தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே பதிவுசெய்யும் ஸ்மார்ட் தகவலும் மறைக்கப்படாமல் நேராகத் தெரியும். கார்ட் பழுதானால் அதே வன்தட்டுகளை வேறு எந்த எச்.பி.ஏ.யிலும், போர்ட்டுகள் போதுமான எந்தக் கணினியிலும் செருகலாம். வரிசை மாறினாலும் மென்பொருள் தானே அடையாளம் கண்டுகொள்ளும். என் தெரிவு இதுதான்.

இவற்றுள் எந்த எச்.பி.ஏ. என்பதில் சற்று நிதானம் வேண்டும். இத்துறையில் பரவலாகக் கிடைப்பவை எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் சிப்கள்; அந்நிறுவனத்தை 2014 இல் அவாகோ வாங்கி, அவாகோ 2016 இல் பிராட்கொம்மை வாங்கி அந்தப் பெயரையே சூடிக்கொண்டதால் ஒரே கார்ட் மூன்று பெயர்களில் சந்தையில் நிற்கிறது. இனி வரும் 2008, 2308, 3008 ஆகியவை ஆண்டுகள் அல்ல, சிப்களின் எண்கள். 2008 சிப் கொண்ட 9211-8ஐ (9211-8i) என்ற கார்ட் பழையது. டெல் எச்200, எச்310, ஐ.பி.எம். எம்1015 ஆகியவையும் அதே சிப்பின் மறுபெயர்கள்தாம். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 2.0 இன் எட்டு லேன்களில் நொடிக்கு 4,000 மெகாபைட் கிடைப்பதால் எட்டு வன்தட்டுகளுக்கு இது தாராளம். 2308 சிப் கொண்ட 9207-8ஐ அடுத்த தலைமுறை, எக்ஸ்பிரஸ் 3.0. 3008 சிப் கொண்ட 9300-8ஐ 12 கிகாபிட் வேகம் கொண்டது, வன்தட்டுகளுக்கு அந்த வேகம் பயன்படாது, ஆனால் இயங்குதள ஆதரவு இன்னும் நீண்ட காலம் இருக்கும். ரெட் ஹட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8 வெளிவந்தபோதே 2008 சிப்புக்கான ஆதரவை நீக்கிவிட்டது; டெபியனில் அது தொடர்கிறது. ஆகவே டெபியன் வழியில் போகிறவர் விலை பார்த்து 9211 வகையை எடுக்கலாம், மற்றவர் 9207 அல்லது 9300 பக்கம் நிற்பது நல்லது. 1068 சிப் கொண்ட பழைய கார்ட்களை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்; அவை ஒரு தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேல் காண்பதில்லை.

வாங்கும்போது ஐ.டி. முறை ஃபேர்ம்வெயார் (கார்ட்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதப்பட்டதா என்று கேட்கவேண்டும். அதுவே வன்தட்டுகளை நேராகக் காட்டும் வடிவம். 2008 சிப்புக்கு 20.00.07.00 என்ற பதிப்பை நான் ஏற்கிறேன், 20 வரிசையின் தொடக்கப் பதிப்புகளில் கோளாறுகள் இருந்தன. டெல் எச்310 கார்ட்டைத் தொழிற்சாலை ஃபேர்ம்வெயாருடன் அப்படியே பாவித்தாலும் தட்டுகள் தெரியும், ஆனால் அதன் கட்டளை வரிசையில் ஒரே நேரத்தில் நிற்கக்கூடியவை 25 கட்டளைகள் மட்டுமே, ஐ.டி. முறைக்கு மாற்றினால் 600 ஆகும். மீளக் கட்டும் நேரத்தில் இதன் அருமை தெரியும்.

கேபிளில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கார்ட்டில் இருப்பது சாட்டா போர்ட் அன்று. 9211, 9207 கார்ட்களில் எஸ்.எஃப்.எஃப். 8087 என்ற அகன்ற இணைப்பியும், 9300 இல் எஸ்.எஃப்.எஃப். 8643 என்பதும் இரண்டிரண்டாக இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு சாட்டா முனைகள் பிரிந்து வரும் கேபிள் வேண்டும். தாய்ப்பலகையின் நான்கு சாட்டா போர்ட்டுகளை ஒரு பேக்பிளேனுக்கு (வன்தட்டுகளை நேரே செருகும் பலகைக்கு) கொண்டுபோகும் எதிர்த்திசைக் கேபிளும் பார்வைக்கு இதேபோல இருக்கும், விலையும் ஏறத்தாழ ஒன்றே. அதை இங்கே மாட்டினால் ஒரு வன்தட்டும் தெரியாது, கார்ட் பழுது என்று முடிவுகட்டிவிடுவோம். “முன்திசைப் பிரிப்புக் கேபிள்” என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு முனையிலும் பி1 முதல் பி4 வரை (P1–P4) இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, எந்த இலக்கத்தில் எந்த வரிசை எண் கொண்ட தட்டு என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உள்மூடியில் ஒட்டிவிடுவது நல்லது. இயங்குதள எஸ்.எஸ்.டி.யைத் தாய்ப்பலகையிலேயே விட்டுவிடுங்கள். இந்தக் கார்ட்களின் வழியே அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி.க்கு அறிவிக்கும் ட்ரிம் கட்டளை எல்லாத் தட்டுகளுக்கும் போய்ச் சேர்வதில்லை.

வெப்பத்தைப் பற்றி இன்னும் சற்று சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் எச்.பி.ஏ.யின் உண்மையான பலவீனம் அதுதான். நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில் காற்று தன் மேல் ஓடும் என்ற நம்பிக்கையில் வடிவமைக்கப்பட்ட பொருள் இது. ரக் சேர்வரில் அந்தக் காற்று உண்டு, டவர் பெட்டியில் இல்லை. கார்ட்டின் அலுமினியத் தகட்டில் 40 மில்லிமீற்றர் விசிறி ஒன்றைப் பொருத்துவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். பாவித்த கார்ட்டாக இருந்தால் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஊசிகளை அழுத்திக் கழற்றிப் பார்த்தால், உள்ளே இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காய் உதிரும். அதைச் சுரண்டித் துடைத்துப் புதுப் பசை பூசவேண்டும். துளைக்குள் போகும் பொன்னிறத் தொடுமுனைகளையும் ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். உப்புக் காற்றுள்ள இடத்தில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இதைச் செய்வது நல்லது. டெல் கார்ட் சில சாதாரணத் தாய்ப்பலகைகளில் செருகினால் கணினி எழும்பாது. பி5, பி6 (B5, B6) தொடுமுனைகளை மட்டும் வெப்பம் தாங்கும் மெல்லிய ஒட்டுநாடாவால் மூடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

துளையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். நீளமான இரண்டாவது துளை பல தாய்ப்பலகைகளில் நான்கு லேன்களையே கொடுக்கும். எக்ஸ்பிரஸ் 2.0 இல் அது நொடிக்கு 2,000 மெகாபைட், எட்டு வன்தட்டுகளுக்கு விளிம்பில் போதும்.

சேர்வர்களுக்கென்று வரும் சாஸ் வகை வன்தட்டுகளை எச்.பி.ஏ. ஏற்கும், சாட்டா கார்ட் ஏற்காது என்பதும் இதன் பக்கமுள்ள ஒரு நியாயம். பெரிய நிறுவனங்கள் கழித்துவிடும் சாஸ் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும்போது எதிர்காலத்தில் அந்த வழி திறந்திருக்கும். அவற்றில் சில 520 பைட் பகுதிகளாக வடிவமைக்கப்பட்டிருக்கும், 512க்கு மாற்றியே பாவிக்கவேண்டும்.

ரெய்ட் கார்ட்டே சரியான தெரிவாகும் இடமும் உண்டு. விண்டோஸ் சேர்வரில் கணக்கு மென்பொருள் ஓட்டும் அலுவலகம், உற்பத்தியாளரின் உத்தரவாதத்தோடு புதிய சேர்வர் வாங்கி, பழுதானால் மறுநாள் உதிரிப்பாகம் கொண்டுவந்து மாற்றும் ஒப்பந்தமும் செய்திருக்கிறது என்றால், அதன் ரெய்ட் கார்ட்டைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். அங்கே திறப்பு வைத்திருப்பவர் அழைத்தால் வருவார். கூத்துக் குழுவுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களுக்கு இருப்பது லினக்ஸ் கற்ற இரண்டு தம்பிமாரும் பாவித்த பொருட்களும்தாம்.

ஆகவே அவர்களுக்கு நான் எழுதிக் கொடுத்தது 9207-8ஐ கார்ட் இரண்டு, முன்திசைக் கேபிள் மூன்று, விசிறி இரண்டு. கார்ட் இரண்டையும் சேர்த்தாலும் நல்ல பற்றரியோடு கூடிய ரெய்ட் கார்ட் ஒன்றைவிடச் செலவு கூடாது என்பதே என் கணிப்பு. பதிவுகளை ஏற்றுமுன் எட்டு வன்தட்டுகளையும் ஒரு முழுநாள் தொடர்ந்து வாசிக்கவிட்டு, நண்பகல் வெக்கையில் லினக்ஸின் கேர்னல் பதிவேட்டில் (இயங்குதளத்தின் மையம் எழுதும் நிகழ்வுக் குறிப்பில்) இணைப்பு மீளத் தொடங்கியதாக ஏதேனும் வரி விழுகிறதா என்று பார்க்கவேண்டும். வாசிப்புப் பிழையில் ஒரு தட்டு நிமிடக்கணக்கில் தயங்கி நின்றுவிடாமல், தட்டு ஆதரித்தால், பிழை மீட்பு நேரத்தை 7 நொடிக்கு வரையறுக்கவேண்டும். பிறகு சேர்வரை அணைத்து, முதல் கார்ட்டைக் கழற்றி இரண்டாவதைப் பொருத்தி, தொகுதி அப்படியே எழும்புகிறதா என்று சோதித்து, கழற்றியதை நிலைமின் தடுப்பு உறையில் சிலிக்கா ஜெல் பொதியோடு இட்டு, கல்லடிக்கு வெளியே உள்ள ஒருவர் வீட்டில் வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.